தலைச்சன் முடி

கோலசிலாங்கூர் காலைச் சந்தையில் மீன் வெட்டுகிறவர்களில் தமிழ்ப் பெண் லோகேஸ்வரி ஒருத்திதான். ஒரு பக்கம் சீனர் கடை, மறு பக்கம் மலாய்க்காரர் கடை, நடுவில் அவளுடைய மரப்பலகை. பலகை எப்போதும் சுத்தமாக இருக்கும். ஒரு மீனை வெட்டி முடித்துக் கழுவித் துடைத்த பிறகுதான் அடுத்த மீன் அதன் மேல் ஏறும். அவசரப்படுகிறவர்கள் பக்கத்துக் கடைக்குப் போகலாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். யாரும் போனதில்லை.

புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பு முடிந்தது. கணவன் லோரி விபத்தில் இறந்தபோது மகள் பிரமிளா தவழ்ந்துகொண்டிருந்தாள். பிள்ளையை அண்ணன் சுகுமாறன் வீட்டில் விட்டுவிட்டுப் பாசிர் பெனாம்பாங் படகுத்துறைக்கு மீன் பிரிக்கப் போனாள். துறையில் அவளைப் பார்த்துச் சிரித்த ஆண்கள் உண்டு. ஒரே மழைக்காலத்தில் அவர்களைவிட வேகமாகக் கத்தி பிடித்தாள். பிறகு சந்தையில் சொந்தக் கடை போட்டாள். பிரமிளாவைப் படிக்க வைத்துப் பாலர் பள்ளி ஆசிரியையாக்கி, சுங்கை ஆயர் தாவாரில் கட்டிக் கொடுத்ததும் அந்தக் கடைதான்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த மீனானாலும் இரைப்பையைக் கீறிப் பார்த்துவிட்டுத்தான் எறிவாள். மீன் கடைசியாக என்ன தின்றது, எவ்வளவு செரித்திருக்கிறது என்று பார்த்தால், அது எப்போது பிடிபட்டது என்று தெரிந்துவிடும். வியாபாரி பொய் சொல்லலாம், வயிறு சொல்லாது என்பாள்.

சுற்றியுள்ள தோட்டங்களில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும், பால் ஊறுவதற்குச் சுறா வேண்டுமென்று சொல்லியனுப்புவது அவளிடம்தான். வெந்நீரில் தோலுரித்து, நடுமுள்ளை எடுத்து, மஞ்சள் தடவி, புட்டு அவிக்கிற பதத்தில் கட்டிக் கொடுப்பாள். அதற்காகக் குட்டிச் சுறாவைத் தொடமாட்டாள். “சின்னதுல சத்து ஏது? கடல்ல நாலு வருசம் ஓடித் தின்னு கொழுத்ததுதான் உடம்புல ஒட்டும்” என்பது அவள் கணக்கு.

பிரமிளா முழுகாமல் இருந்தபோது ஒன்றும் வயிற்றில் நிற்கவில்லை. சுறாப் புட்டு மட்டும் நின்றது. அதைக் கேட்டதிலிருந்து லோகேஸ்வரி, வலையில் வந்ததிலேயே பெரிய சுறாவாகப் பார்த்து எடுத்து வைத்து, வாரந்தோறும் பனிக்கட்டிப் பெட்டியில் போட்டுக் காய்கறி லோரியில் ஏற்றிவிட்டாள். மீதத்தைத் தானும் சாப்பிட்டாள். ஆண் குழந்தை பிறந்தது. விடியுமுன் கடைக்குப் போகிற தாய் வீட்டில் பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால், பத்தியம் மாமியார் வீட்டிலேயே நடந்தது. பெட்டி தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது.

குழந்தைக்கு முடி இறக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்த வாரத்தில்தான் நூருல் கடைக்கு வந்தாள். கடைவீதியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மதார் சாகிபுவின் மகள். பல்கலைக்கழகத்தில் கடல் மீன்களைப் பற்றி ஆராய்கிறவள். சில மாதங்களுக்கு முன் மீன் விற்கிறவர்கள், படகுக்காரர்கள் எல்லாரிடமும் சோதனைக்காக ஒரு கொத்துத் தலைமுடி வெட்டிக்கொண்டு போயிருந்தாள். அன்றைக்கு லோகேஸ்வரி, “எடுத்துக்க, சவுரி கட்டி வித்துடாத” என்று கேலி செய்து தலையைக் காட்டினாள்.

கூட்டம் கலைந்திருந்தது. நூருல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஆன்ட்டி, உங்க முடியில பாதரசம் ரொம்ப இருக்கு. இந்தச் சந்தையிலயே உங்களுதுதான் அதிகம்.”

“வெப்பமானி உடைஞ்சா உருண்டு ஓடுமே, அதுவா?”

“அதே சாமான்தான், ஆனா வேற வடிவம். நிலக்கரி எரிக்கிற புகையில, ஆலைக் கழிவுல, தங்கம் எடுக்கிற இடத்துலேர்ந்து எல்லாம் வந்து கடல்ல இறங்குது. சேத்துல இருக்கிற கிருமி அத உடம்புல ஒட்டுற விஷமா மாத்திடுது. அத நுண்ணுயிர் தின்னுது. அதுகள நெத்திலி தின்னுது...”

“நெத்திலிய கெம்போங் தின்னும். கெம்போங்க தெங்கிரி தின்னும்” என்றாள் லோகேஸ்வரி. கை கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“ஒவ்வொரு வாய்க்கும் போகும்போது அது கூடிக்கிட்டே போகும் ஆன்ட்டி. தின்னது செரிச்சிடும், இது லேசுல வெளியாகாது. மீன் எவ்வளவு பெருசோ, எவ்வளவு வயசோ, அவ்வளவு சேர்ந்திருக்கும். கழுவினாலும் வேக வச்சாலும் போகாது.”

கத்தி துடைப்பது நின்றது. சுறா வயிற்றைக் கீறும்போது கண்ட பாதி செரித்த தெங்கிரித் துண்டுகள், முழுசாய்க் கிடந்த கணவாய், கெம்போங் வயிற்றிலிருந்த கரும்பசை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கண்முன் வந்தன. இத்தனை வருடம் மீன் எப்போது பிடிபட்டது என்று தெரிந்துகொள்ளத்தான் அவற்றைப் பார்த்தாள். யாரை யார் தின்றார்கள் என்பதும் அதே வயிற்றில்தான் கிடந்தது.

“உங்களுக்கு இப்ப பெருசா ஒண்ணும் இல்ல. நிப்பாட்டினா மெள்ள இறங்கிடும்” என்ற நூருல், குரலைத் தாழ்த்தினாள். “வயித்துல இருக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து. மூளை, காது, கண்ணெல்லாம் உருவாகிற நேரம் பாருங்க. உங்க வீட்டுல மாசமா இருந்தவங்க யாராவது இதச் சாப்பிட்டாங்களா?”

லோகேஸ்வரி கத்தியைக் கீழே வைத்தாள். நூருல் புரிந்துகொண்டாள்.

“பிள்ளைக்குத் தலைமுடி இருக்கா?”

“ஞாயித்துக்கிழமை இறக்கப் போறாங்க.”

“இறக்கிடாதீங்க. இல்ல, இறக்குங்க, ஆனா அதுக்கு முன்னாடி பிடரியில கொஞ்சம் வெட்டி எனக்குக் குடுங்க. பிறந்த முடி, வயித்துல இருந்த கடைசி மாசங்கள்ல வளந்தது. பிள்ளைக்கு எவ்வளவு போயிருக்குன்னு அதுதான் சொல்லும். அந்த முடி போயிட்டா திரும்ப வராது. மஞ்சள், பால், சந்தனம் எதுவும் படக்கூடாது. சுறா, தெங்கிரி மாதிரி பெரிய மீன உடனே நிப்பாட்டச் சொல்லுங்க. தாய்ப்பால நிப்பாட்ட வேணாம், அது முக்கியம்.”

அன்றைக்கே லோகேஸ்வரி சுங்கை ஆயர் தாவாருக்குத் தொலைபேசியில் பேசினாள். பிள்ளை பெற்றவள் கைப்பேசி பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று பிரமிளாவின் பேசியை மாமியார் இராஜம்மாள் வாங்கி வைத்திருந்தார். அவரே எடுத்தார்.

“சம்பந்தி, நீங்க அனுப்புற மீனாலதான் பால் நல்லா ஊறுது. பிள்ளை குடிச்சு முடிக்க மாட்டேங்கிறான்.”

“சுறா இனிமே வேணாம் சம்பந்தி. இருக்கிறதையும் ஆக்காதீங்க.”

“ஏன், கெட்டுப் போச்சா?”

“நேர்ல வந்து சொல்றேன்.”

மறுநாள் கடை போடவில்லை. சுகுமாறன் தன் பழைய புரோட்டோன் சாகா காரில் அழைத்துப் போனான். தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் என்று வழி நெடுக வயல் பச்சையாகக் கிடந்தது. அவள் ஒரு தடவைகூடக் கண்ணாடிக்கு வெளியே பார்க்கவில்லை.

“அண்ணே, நான் என்னன்னு சொல்லுவேன் அவகிட்ட?”

“நூருல் பிள்ளை சொன்னத அப்படியே சொல்லு. கூட்டாத, குறைக்காத.”

செம்பனைத் தோட்டத்தின் லயத்து வீடு அது. உள்ளே போனபோது பிரமிளா பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. முன்னால் தட்டில் ஆவி பறக்கும் சுறாப் புட்டு, கை வைத்திருந்தாள். சம்பந்தியின் பேச்சை இராஜம்மாள் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“கைய எடு பிரமிளா” என்றாள் லோகேஸ்வரி, வாசலிலிருந்தே.

பிறகு கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். மருமகன் ஷர்வின் செம்பனை ஆலை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டான். பிரமிளா விரல்களைத் தண்ணீரில் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

“பிள்ளைக்கு என்னம்மா ஆகும்?”

“தெரியலம்மா. ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். அதுக்குத்தான் முடி கேக்கிறாங்க.”

“பெருசா பாத்து அனுப்புனேன்னு சொல்லுவீங்களே.”

“ஆமா.”

பிரமிளா குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

இராஜம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். கோழிக்குக் கொட்டப் போகிறார் என்று சுகுமாறனுக்குத் தெரிந்தது.

“கோழிக்குப் போடாதீங்க சம்பந்தி. நாளைக்கு அந்தக் கோழியத் திங்கிறது யாரு, நீங்கதானே?”

அவர் நின்றார். “நாந்தானே தினம் ஆக்கிப் போட்டேன்” என்றார். “எங் கையாலதானே அள்ளி அள்ளி வச்சேன்.” குழி தோண்டிப் புதைக்கச் சொல்லித் தட்டை ஷர்வினிடம் கொடுத்தார்.

மீன் விஷயத்தில் அவர் அதற்குப் பிறகு வாதாடவில்லை. முடி என்ற பேச்சு வந்ததும் கல்லாக நின்றார்.

“தலைச்சன் பிள்ளை முடி அது. வெளியாளு கையில போகக்கூடாது. நாளைக்கு சூனியம் வைக்கிற போமோ எவனாவது கையில கிடைச்சா? மயானத்துல தலைச்சன் பிள்ளை சாம்பலுக்கே அந்தக் காலத்துல காவல் போட்டாங்க, தெரியும்ல உங்களுக்கு.”

“நூருல் நமக்குத் தெரிஞ்ச பிள்ளை சம்பந்தி.”

“அந்தப் பிள்ளையச் சொல்லல. அங்க எத்தன பேரு தொடுவானோ.” பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார். “தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க? மருந்து இருக்கா?”

“பிள்ளைக்கு மருந்துன்னு இல்லையாம்.”

“அப்ப எதுக்குத் தெரியணும்? தெரியாம இருந்தா பிள்ளை பாட்டுக்கு வளந்துடும். தெரிஞ்சா, அவன் ஒரு நாள் நடக்க லேட்டானாலும் நாம சாவோம்.”

லோகேஸ்வரிக்கும் உள்ளே அதே பயம்தான். அண்ணனைப் பார்த்தாள். அவன் ஷர்வினைப் பார்த்தான். ஷர்வின், “அம்மா சொல்றதும் சரிதான் அத்தை” என்று தரையைப் பார்த்துச் சொன்னான். பிரமிளா திரும்பவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் லோகேஸ்வரி நூருலுக்குத் தொலைபேசியில் அதே கேள்வியைக் கேட்டாள். தெரிந்து என்ன செய்வது?

“தெரிஞ்சா டாக்டருங்க சும்மா இருக்க மாட்டாங்க ஆன்ட்டி. காது, பார்வை, பேச்சுன்னு மாசத்துக்கு மாசம் பாப்பாங்க. எங்கயாவது பிந்தினா அப்பவே பயிற்சி ஆரம்பிச்சிடலாம். தெரியலன்னா பள்ளிக்கூடம் போன பிறகுதான் கண்டுபிடிப்பாங்க. அப்ப லேட்.”

அதை அப்படியே பிரமிளாவிடம் சொல்லும்படி ஷர்வினுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். கேட்டதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் சிறிய பந்தல். சபாக் பெர்ணத்திலிருந்து முடி வெட்டுகிறவர் வந்திருந்தார். முடி இறக்கும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். பிரமிளாவுக்கு உடன்பிறந்தவன் இல்லாததால், அம்மாவின் அண்ணன் சுகுமாறன் வேட்டி கட்டி மணையில் உட்கார்ந்தான். சட்டைப் பையில் புதுக் காகித உறை ஒன்று இருந்தது. கடையில் வாங்கி, தூசி படாமல் வேறொரு உறைக்குள் வைத்து எடுத்து வந்திருந்தான். அதை வெளியில் எடுக்க அவனுக்கு அனுமதி இல்லை.

லோகேஸ்வரி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சபையில் வாய் திறப்பதில்லை என்று சம்பந்திக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். பிள்ளையின் தலையில் கறுகறுவென்று சுருட்டை முடி. இராஜம்மாள் கிண்ணத்தில் பாலும் சந்தனமும் கொண்டுவந்து வைத்தார். இறக்கிய முடியைப் பாலில் நனைத்து, அன்றைக்கே பெர்ணம் ஆற்றில் விடுவதாகத் திட்டம்.

முடி வெட்டுகிறவர் கத்தியில் புது பிளேடு மாட்டினார். பஞ்சைத் தண்ணீரில் நனைத்தார்.

“மாமா, தலைய நேரா பிடிங்க.”

சுகுமாறன் பிடிக்கவில்லை. வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டான், பிள்ளையை இந்தத் தோளுக்கு மாற்றினான், அந்தத் தோளுக்கு மாற்றினான். “எச்சி ஒழுகுது, துணி குடுங்க” என்றான். துணி வந்தது. “இது சொரசொரன்னு இருக்கு, வேற குடுங்க” என்றான்.

“பிள்ளையப் பிடிக்கவே உங்களுக்கு ஒரு வேளை ஆயிடும் போல மாமா” என்றார் முடி வெட்டுகிறவர். யாரோ சிரித்தார்கள். இராஜம்மாள் சிரிக்கவில்லை. இரண்டாவது துணியும் வந்துவிட்டது. இனிச் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை. பஞ்சு பிள்ளையின் உச்சந்தலைக்கு மேல் வந்தது.

“கொஞ்சம் இருங்க.”

பிரமிளா உள்ளேயிருந்து வந்தாள். கையில் கத்தரிக்கோல். அதைக் கொதிநீரில் போட்டு எடுத்திருக்கிறாள் என்பது அதிலிருந்து எழுந்த ஆவியில் தெரிந்தது. சுத்தத் துணியால் துடைத்துக்கொண்டே மாமன் பக்கத்தில் மண்டியிட்டாள்.

“பிரமிளா” என்றார் இராஜம்மாள்.

“பெத்தவ நான் கேக்கிறேன் அத்தை. நாளைக்கு இவன் நடக்க லேட்டானா, ஏன்னு தெரியாம என்னால உக்காந்திருக்க முடியாது. தெரிஞ்சா நான் ஏதாவது செய்வேன்.”

“தலைச்சன் பிள்ளை முடிம்மா.”

“அதான் அத்தை. இவனுக்கு இது ஒரு தடவைதான்.”

ஷர்வின் ஒரு அடி முன்னால் வந்தான். பிள்ளையின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தான். பிடரி தெரிந்தது. பிரமிளா தோலை ஒட்டி ஒரு கொத்து வெட்டினாள். சுகுமாறன் உறையை நீட்டினான். போடும்போது இரண்டு மூன்று முடி வேட்டியில் விழுந்தது. அவன் அதையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போட்டு ஒட்டினான்.

இராஜம்மாள் பால் கிண்ணத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு சுகுமாறனிடம் கேட்டார்:

“சோதிச்சு முடிஞ்சதும் மிச்சத்தத் திருப்பிக் குடுப்பாங்களா?”

“மிச்சம் இருக்காது சம்பந்தி. மருந்துல போட்டுக் கரைச்சிடுவாங்களாம்.”

“முழுசுமா?”

“முழுசும்.”

அவர் யோசித்தார். “கரைச்சிடுவாங்கன்னா சரி” என்று சொல்லி முடி வெட்டுகிறவரைப் பார்த்துத் தலையசைத்தார். போமோ கைக்குப் போக ஒன்றும் மிஞ்சாது என்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

முடிவு வர வாரங்கள் ஆயின. லோகேஸ்வரி கடையில் சுறா எடுப்பதை நிறுத்திவிட்டாள். பேறுகால வீட்டிலிருந்து ஆள் வந்தால் நெத்திலியையும் சின்னக் கெம்போங்கையும் கட்டிக் கொடுத்து, காரணத்தையும் சொன்னாள். “மீன்காரி டாக்டராயிட்டா லா” என்று சிலர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். முதல் முறையாகப் போனார்கள். அவள் பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

நூருல் இந்தத் தடவை நேராகப் பிரமிளாவுக்கே தொலைபேசியில் சொன்னாள். இருக்க வேண்டிய அளவைவிடப் பிள்ளையின் முடியில் அதிகம். லோகேஸ்வரி அளவுக்கு இல்லை. இது நோய் அல்ல, எச்சரிக்கை. விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நான்காம் மாதச் சோதனைக்கு எல்லாரும் போனார்கள். மருத்துவமனைத் தாதி சிவப்புப் பந்தை மெதுவாக நகர்த்தினார். பிள்ளையின் கண் கூடவே போனது. குப்புறப் போட்டார், தலையைத் தூக்கினான். பிறகு பின்னால் நின்று வலது காதுப் பக்கம் கிலுகிலுப்பையை ஆட்டினார். திரும்பினான். இடது பக்கம் ஆட்டினார். திரும்பவில்லை. மறுபடி ஆட்டினார்.

பெஞ்சில் இராஜம்மாள் லோகேஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று இருவருக்கும் தெரியாது.

“இந்த வயசுல சில பிள்ளைங்க ஒரு பக்கம் லேட்டாத்தான் திரும்புவாங்க” என்றார் தாதி. “பசி வேற. அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க, காத மட்டும் மறுபடி பாப்போம். அப்பவும் திரும்பலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்.”

“வர்றோம்” என்றாள் பிரமிளா. நாளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஷர்வினும் இராஜம்மாளும் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்கள். காரில் பின்னிருக்கையில் தாயும் மகளும். பிள்ளை பால் குடித்து, வாயோரம் துளி நிற்க, பிரமிளாவின் இடது கையில் சாய்ந்திருந்தான். இடது காது லோகேஸ்வரி பக்கம் இருந்தது. விரலைச் சொடுக்கிப் பார்க்க வேண்டும் போல அவளுக்கு இருந்தது. மகள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“சொடுக்கிப் பாருங்கம்மா” என்றாள் பிரமிளா. சன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். “ஒரு வாரமா நானும் அதத்தான் செய்றேன். சட்டியத் தட்டுறேன், கதவத் தட்டுறேன். சில நேரம் திரும்புறான், சில நேரம் இல்ல.”

லோகேஸ்வரி கையைத் தூக்கினாள். பிள்ளையின் இமை அதற்குள் மூடிவிட்டிருந்தது.

“தூங்கட்டும்” என்றாள். “எந்திரிச்ச பிறகு பாப்போம். நீயும் நானும் ஆளுக்கொரு பக்கம் உக்காந்து பாப்போம்.”

பிரமிளா பிள்ளையை அலுங்காமல் எடுத்து அம்மாவின் மடியில் கிடத்தினாள். சுகுமாறன் கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டு, குழி வந்த இடத்தில் காரை மெதுவாக இறக்கி ஏற்றினான்.